சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர்: வீட்டில் வைக்கும் மூன்று கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் பி.பி. மெஷின். 2021 கோடையில் எந்த மெடிக்கலிலும் கிடைக்காமல் அலைந்து வாங்கிய இந்த மூன்றும் இன்று பல வீடுகளில் பேட்டரி கசிந்து அலமாரி மேல்தட்டில் கிடக்கின்றன. அடுத்த தொற்று சொல்லிவிட்டு வராது. சுகரோ பிரஷரோ உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த மூன்றும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். எந்த கம்பெனி சிறந்தது என்று இங்கே சொல்லப்போவதில்லை. சேலத்தின் 40 டிகிரி வெயிலிலும், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மார்கழிக் குளிரிலும் ஒவ்வொரு கருவியும் எங்கே சரியாகச் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் தட்பவெப்பத்தைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். 2020 தொடக்கத்தில் "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வைரஸ் தாங்காது" என்று எங்கும் பேச்சு. இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது 2021 மே மூன்றாம் வாரத்தில், அதாவது அக்கினி நட்சத்திர வெயிலில். சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டி வந்ததும் அதே மாதம். இன்னும் பின்னால் போனால், 1918 இன்ஃப்ளுயன்சாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்து விளைச்சல் இல்லை, வயிற்றில் சோறில்லாத உடம்பில் காய்ச்சல் ஏறியது. வெப்ப நாடு என்ற தகுதி அப்போதும் யாரையும் காப்பாற்றவில்லை.

குளிரும் வறண்ட காற்றும் பரவலைக் கூட்டும் என்பது உண்மைதான். மூக்கின் உட்சவ்வு உலர்ந்து கிருமியை வெளியே தள்ளும் திறன் குறையும், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஆனால் தொற்றியவரில் யார் பிழைப்பார், யார் சாவார் என்பதை முதலில் தீர்மானிப்பது வயது. அடுத்தது உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், நுரையீரல் கோளாறுகள். இந்தியாவின் நடு வயது ஏறக்குறைய 28, இத்தாலியில் 46-க்கு மேல். இரு நாட்டு இறப்பு விகிதத்தை ஒப்பிட்டுவிட்டு "வெயில்தான் காரணம்" என்று சொல்வது கணக்கே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொரோனாவில் இறக்கும் அபாயம், அதே வயதில் அது இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அபாயம் இன்னும் கூடியது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழ்நாடு அதில் பின்தங்கிய மாநிலம் அல்ல.

ஆக, கண்காணிக்க வேண்டியது தெர்மாமீட்டரில் தெரியும் வெயிலை அல்ல, ரத்தத்தில் ஓடும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும். ஆனால் வெயிலும் குளிரும் அந்தக் கண்காணிப்புக்குள்ளேயே புகுந்து எண்ணை மாற்றிவிடும். ஆளை ஏமாற்றுவதற்கு முன் கருவியை ஏமாற்றும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர்

விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பதுதான் இதன் வேலை. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது வரும் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கருவி சதவீதம் சொல்கிறது. துடிப்பு பலவீனமாக இருந்தால் கணக்கும் பலவீனம். குளிர்ந்த விரல், நீண்ட நாள் சர்க்கரையால் ரத்த ஓட்டம் குறைந்த விரல் இரண்டும் இங்கேதான் மாட்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஏற்காட்டில் ஒரு முதிய சர்க்கரை நோயாளியின் விரலில் மாட்டினால் 88, 91, 86 என்று எண் தாவிக்கொண்டே இருக்கும். வீடே அலறும். கையைத் தேய்த்து, வெந்நீர் டம்ளரைச் சில நிமிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால் 95-ல் நிற்கலாம். நிற்காவிட்டால் அது நிஜமான இறக்கம், அப்புறம் காத்திருக்கக் கூடாது.

பார்க்கும் முறை இதுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. கை மேசைமேலோ மடியிலோ அசையாமல். வலது கை நடுவிரல் அல்லது கட்டைவிரல், நகம் மேலே பார்க்க, விரல் நுனி உள்ளே முட்டும்வரை. நேரடி வெயில் கருவிமேல் படக் கூடாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மேலே ஒரு துண்டைப் போடுங்கள். 30 முதல் 60 விநாடி பொறுத்து, எண் ஐந்து விநாடி மாறாமல் நின்ற பிறகு எழுதுங்கள். மாட்டியவுடன் தெரியும் முதல் எண்ணுக்கு மதிப்பில்லை. திரையில் அலை போல ஏறி இறங்கும் கோடு ஒழுங்காக இருக்கிறதா, கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிய எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாடியே தப்பாக இருந்தால் ஆக்சிஜன் எண்ணும் தப்பு. வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனையும் இதுதான். அலைக்கோடு காட்டாத மலிவு ரகங்களை வாங்க வேண்டாம். செல்போன் கேமராவில் விரல் வைத்துப் பார்க்கும் செயலிகளை இதற்கு ஒருபோதும் நம்பக் கூடாது.

சேலத்துக்கே உரிய ஒரு சிக்கல், நகத்தில் ஏறிய சாயம். சாயப்பட்டறையில் வேலை செய்பவர்களின் விரல்நுனி நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஒளி சரியாகக் கடக்காது. கறுப்பு மருதாணி, அடர்நிற நகப்பூச்சு இரண்டுக்கும் இதே கதி. சாயம் படாத விரலைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கருவியை விரலின் பக்கவாட்டில் மாட்டிப் பாருங்கள். தோல் நிறமும் ஒரு விஷயம். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவதுண்டு. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது. நம்மில் பலருக்கும் இது பொருந்தும். ஆகவே 94 என்று காட்டி மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

மலை உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஏற்காட்டில் இதைப் பயன்படுத்த முடியாது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் விகிதம் இரண்டு இடத்திலும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் மேலே ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே 98 காட்டும் ஆரோக்கியமான விரல் மேலே 96 காட்டினால் அது நோய் அல்ல. அதனால்தான் நலமாக இருக்கும்போதே, வசிக்கும் இடத்திலேயே, மூன்று நாள் காலை மாலை பார்த்து அவரவர் வழக்கமான எண்ணை எழுதி வைக்கச் சொல்கிறோம். காய்ச்சல் வந்தபின் அந்த எண்ணிலிருந்து 3 அல்லது அதற்கு மேல் இறங்கினாலே எச்சரிக்கை. கொரோனா காலத்தில் இந்தியாவில் பின்பற்றிய வகைப்பாட்டில் 90 முதல் 93 வரை நடுத்தரத் தீவிரம், 90-க்குக் கீழ் கடும் தீவிரம். 98-லிருந்து 94-க்கு இறங்குவது மெதுவாக நடக்கும். 90-க்குக் கீழே போனால் சரிவு செங்குத்து. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் கருவி காட்டும் சதவீதம் மளமளவென்று விழும். மூச்சுத் திணறல் தெரியாமலேயே 80-களில் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளைக் கொரோனாவில் எல்லா ஊரிலும் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு விட்டால், எண் எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலைவீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை, இதை அழுத்தியே சொல்ல வேண்டும். குளிருக்காகக் கதவை அடைத்துவிட்டு உள்ளே கரியோ விறகோ கனன்றுகொண்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அது ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, 98 என்றே காட்டும். தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். ரத்தசோகையும் இப்படித்தான். இருக்கிற ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் கருவி சொல்லும். ரத்தமே போதுமா என்று அது சொல்லாது.

குளுக்கோமீட்டர்

மூன்றில் அதிகம் பயன்படுவதும் வெயிலில் அதிகம் கெடுவதும் இதுதான். கெடுவது மீட்டர் அல்ல, ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப்பின் முனையில் இருக்கும் நொதி ரத்தச் சர்க்கரையோடு வினைபுரிந்து மின்னோட்டம் தருகிறது. அந்த நொதிக்குச் சூடும் ஈரமும் பகை. பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். சேலத்தில் மார்ச் முதல் ஜூன் வரை ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பகலில் 30 டிகிரி என்பது கனவு. ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால் ஸ்ட்ரிப் வீணாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்தில், சமையலறைக்கு எதிர்ப்புறச் சுவரோரமாக இருக்கும் மர அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். எடுத்துத் திறக்கும்போது உள்ளே ஈரம் வேர்க்கும்.

ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஊசி தேடினால் அந்த நேரமே போதும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடிக்குள்ளேயோ சுவரிலேயோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்பது அட்டையில் இருக்கும், அது காலாவதித் தேதியிலிருந்து வேறு. குளிர் காலை நேரத்தில் மீட்டரே தெர்மாமீட்டர் படம் காட்டி வேலை செய்ய மறுக்கலாம். பெரும்பாலான மீட்டர்கள் 10 முதல் 40 டிகிரிக்குள் மட்டுமே அளக்கும். சட்டைப்பைக்குள் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு பாருங்கள்.

மாம்பழக் காலத்தில் சேலத்தில் வரும் பொய் எண்களுக்குப் பாதிக் காரணம் கை கழுவாததுதான் என்று துணிந்து சொல்லலாம். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் கலந்தால் 130 இருக்க வேண்டிய இடத்தில் 250 காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். விரல்நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. சொட்டு வராவிட்டால் பிழியாதீர்கள், கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து நுனிநோக்கி வருடுங்கள். அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். ரத்தசோகை உள்ளவருக்கு மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மருத்துவமனையில் ஆய்வக முடிவோடு ஒருமுறை ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தரமான மீட்டருக்கும் 15 சதவீதம் முன்னே பின்னே போக அனுமதி உண்டு. 200-க்கும் 185-க்கும் சண்டை போட வேண்டாம்.

தொற்று வந்த பிறகு இதன் மதிப்பு பல மடங்கு. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காத்தது. 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. ஆனால் பயத்தில் தாங்களாகவே வாங்கி விழுங்கியவர்கள் ஏராளம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரையில் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. 2021-ல் கண்ணை இழந்தவர்கள் பலர். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காலையில் ஸ்டீராய்டு எடுத்தால் சர்க்கரை உச்சம் தொடுவது மதியத்துக்குமேல், சாயங்காலம். வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர் 120 என்று நிம்மதியாக இருப்பார், மாலையில் அது 350 இருக்கும். ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று மூன்று முறையாவது பாருங்கள். காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை நிறுத்தக் கூடாது, அளவை மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தி, பேதி, நீர் வற்றுதல் இருந்தால், சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினையும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையையும் தொடரலாமா என்று அன்றே கேட்க வேண்டும். பின்னதில் சர்க்கரை எண் சாதாரணமாக இருந்தபடியே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இருக்கிறது. சேலத்து மே மாதத்தில் காய்ச்சலோடு நீர் வற்றுவதற்கு அரை நாள் போதும்.

இன்சுலின் குப்பிக்கும் இதே வெயில்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை வைத்து, இடையில் மணல் நிரப்பி மணலை ஈரமாக வைத்தால் உள்ளே நன்றாகக் குளிரும். வறண்ட காற்றில் நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி இது. சேலத்துக் கோடைக்குப் பொருத்தம், ஏற்காட்டு மழைக்கு உதவாது. அங்கே தேவையும் இல்லை. ஃபிரிட்ஜ் இருந்தால் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வாங்கும்போது மீட்டர் விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். 50 ஸ்ட்ரிப் பெட்டியின் விலையை 50-ஆல் வகுத்து, உங்கள் தெரு மெடிக்கலில் அது எப்போதும் இருப்பில் இருக்குமா என்று கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் அடிவாரம் இறங்காமல் கிடைக்கும் ரகத்தைத்தான் வாங்க வேண்டும்.

பி.பி. மெஷின்

சுருக்கமாகச் சொன்னால் மேல்கையில் கட்டும் ரகம் வாங்குங்கள், மணிக்கட்டு ரகம் வேண்டாம். அதைவிட முக்கியம் கைப்பட்டையின் அளவு. முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப்பால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். பருத்த கைக்கு அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும், தேவையில்லாத மாத்திரை ஏறும். ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில், பட்டை இதய மட்டத்தில். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி கூடாது, காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருப்பவர்களுக்கு இது கஷ்டம்தான். பேசாமல் இருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால் அது உயர் அழுத்தம்.

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும், வெயிலில் விரிந்து இறங்கும். சேலத்திலிருந்து மேலே போன முதல் நாள் காலை எண் கூடினால் உடனே மாத்திரையைக் கூட்டாதீர்கள். மே மாதத்தில் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், நின்றபடியும் ஒருமுறை பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரைக்குத் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எதை முதலில் வாங்குவது

பணம் ஒன்றுக்குத்தான் என்றால், சேலத்தில் குளுக்கோமீட்டர். தொற்று வருவதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தொற்று வந்தபின் பாதி போராட்டம் குறையும். மலையில் ஆக்சிமீட்டர். நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ இருப்பவர் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையை அடையும் நேரத்தில், 92 என்பது 85 ஆகிவிட முடியும். அங்கே 94-லேயே கிளம்ப வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மழைக்காலத்தில் ஒரு மாத மாத்திரையும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் கையிருப்பில் இல்லாமல் மேலே இருக்கக் கூடாது.

விலையில் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் இந்த மூன்று கருவிகளுக்கும், கூடவே நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டருக்கும் வணிக லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. அதற்குப் பின் விலைகள் கண்கூடாக இறங்கின. பதற்றத்தில் வாங்குபவனிடம்தான் விலை ஏறும். நிதானமான மாதத்தில் வாங்குங்கள். வாங்கியபின் பேட்டரியைக் கழற்றி, கருவியோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாதம் ஒருநாள், அமாவாசை என்றே வைத்துக்கொள்ளலாம், மூன்றையும் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை பாருங்கள். அந்த எண்களை ஒரு சீட்டில் பெயர், வயது, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றோடு எழுதி அதே கவரில் போடுங்கள். 108 வண்டியில் ஏறும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது அந்தச் சீட்டு.